நீ வெட்டிய நான்கு கம்பிகள்

வாசித்து முடித்துவிட்டுக் கையை முகர்ந்தால் இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வருகிறது. புதுக் கம்பி மாட்டி ஒரு மாதம் ஆகிறது, இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது திரும்ப வருகிறது. அது வரும்போதெல்லாம் நீயும் வருகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அன்பினால் என்று நினைத்துக்கொள்ளாதே.

போனவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டுமாம். உன் முதலாண்டு நினைவு நாளில் பூந்தமல்லி மண்டபத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். தங்கமான மனசு என்றார் ஒருவர். யாரையும் நோகடிக்காதவர் என்றார் இன்னொருவர். நான் மூன்றாவதாக மைக்கைப் பிடித்தேன். நான் என்ன பேசினேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்கிறேன். நீ இருந்தவரை உனக்கு வசதியான பக்கத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருந்தாய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த உதிரிபாகக் கம்பெனியில் நான் தரப் பரிசோதனை, நீ பேக்கிங். ஒரு ஆயுத பூஜைக்கு ஷெட்டில் பந்தல் போட்டு உன்னைப் பாடச் சொன்னார்கள். மைக் இல்லாமலே கடைசி மெஷின் வரைக்கும் கேட்டது. பொரி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போட மறந்து நின்றேன். அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் உன்னிடம் போய், என் அண்ணன் துபாய் போகும்போது கனத்த அடிச் சத்தம் தரும் ஒரு பேஸ் கிட்டாரை வீட்டில் விட்டுப் போனதையும் அதை நான் தட்டுத் தடுமாறி வாசிக்கக் கற்றுக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற, பொம்பள பேஸ் வாசிக்கிறியா? அப்போ நம்மகிட்ட ஒரு குரூப்பே கீதுன்னு சொல்லு" என்றாய்.

நீ திருவேற்காட்டுப் பழைய குடும்பம். என் அப்பா வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். உன் 'கீது'வைக் கேட்டு நான் சிரிப்பேன், என் 'வாரேன் போறேன்'ஐக் கேட்டு நீ சிரிப்பாய். டிரம் பேடு வாசிக்க மேரி வந்தாள், கீபோர்டுக்குக் கற்பகம். நான்கு பெண்கள், ஒரு வேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம்மைக் கூப்பிடாத வரவேற்பு குறைவு. நீ வேலையை விட்டு பியூட்டி பார்லர் வைத்தாய். நான் மைக்ரோமீட்டரோடு கம்பெனியிலேயே இருந்தேன். பதினைந்து வருஷம் உன் இடது பக்கம், ஸ்பீக்கருக்கு முன்னால், ஒரே இடத்தில் நின்று வாசித்தேன்.

பின்னால் நீ வெட்டிய அந்தக் கம்பிகளைத் தேர்ந்தெடுத்தவளே நீதான். அதைத்தான் நான் மன்னிக்க முடியாமல் தவிக்கிறேன்.

குழு தொடங்கிய நான்காம் வருஷம். மெதுவான பாட்டுகளில் என் விரல் கம்பிமேல் நகரும்போதெல்லாம் 'கீச்' என்று ஒரு சத்தம் மைக்கில் ஏறும். சாதாரண பேஸ் கம்பியில் உள்ளே ஒரு கம்பி, அதன்மேல் இன்னொரு உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். திருகாணியின் மரை மாதிரி இருக்கும். விரல் அதில் உரசும். பாட்டுக்கு நடுவில் எலி கத்துகிறது என்பாய். ஒரு சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடைக்குப் போனாய். கடைக்காரர் ஃப்ளாட்வவுண்டு என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். மேலே சுற்றுவது உருண்டைக் கம்பி இல்லை, நாடா மாதிரி தட்டையான தகடு. தடவினால் வழவழவென்று இருந்தது. நீ உன் நீளமான நகத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தாய்.

"நகம் வழுக்குதுடி. இதான். இத்த மாட்டு" என்றாய்.

அம்மா, இதுல பளபளன்னு சத்தம் வராதுங்க, 'தும்'முன்னு வரும், அவ்ளோதான், என்று கடைக்காரர் எச்சரித்தார். நீ சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "அவ சத்தம் தனியா கேக்கக் கூடாதுண்ணா. ஆனா அவ நிறுத்துனா எல்லாருக்கும் தெரியணும்."

பேஸ் வாசிக்கிறவர்களைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன வாய் உன்னுடையது.

வாங்கிய அன்று அந்தக் கம்பிகள் ஒன்றும் பெரிதாக இல்லை. கொஞ்சம் விறைப்பு, கொஞ்சம் கூச்சம். இரண்டு வருஷம் என் வியர்வையும் அழுக்கும் ஏறிய பிறகுதான் அவை பேச ஆரம்பித்தன. மற்ற கம்பிகள் பழையதானால் செத்துப்போகும். இவை பழையதாக ஆகத்தான் வாய் திறக்கும். பதினோராம் வருஷத்தில் நான் விரலை வைத்தால் போதும், சத்தம் மரத்துக்குள்ளிருந்து வந்தது. எந்தக் கடையிலும் அது கிடைக்காது. பதினோரு வருஷத்தை யாரும் டப்பாவில் போட்டு விற்பதில்லை.

பிறகு எல்லோரும் நம் நிகழ்ச்சிகளைச் செல்போனில் பிடித்துப் போட ஆரம்பித்தார்கள். நீ ராத்திரி பகல் அதையே பார்த்தாய். போனில் உன் குரல் கேட்டது, கற்பகத்தின் கீபோர்டு கேட்டது, என்னுடையது கேட்கவில்லை. அந்தச் சின்ன ஓட்டையில் என் சத்தம் எப்படி வரும்? "நீ மேடையில சும்மா நின்னுகினு கீற மாதிரி தெரியுதுடி" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். கம்பியை மாற்று என்றாய். மாட்டேன் என்றேன். மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் மாட்டேன் என்றேன்.

அந்தத் தை மாதக் கல்யாண வரவேற்பு. கிட்டார் உன் வீட்டில் மற்ற சாமான்களோடு இருந்தது. நான் ஷிப்டு முடிந்து நேராகப் பூந்தமல்லி மண்டபத்துக்கு வந்தேன். பெட்டியைத் திறந்தேன். நான்கு புதுக் கம்பிகள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் மின்னின. மரை போட்ட உருண்டைக் கம்பிகள்.

"பழசு எங்கடி?"

"தூக்கிப் போட்டேன்." நீ கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

"கழட்டி ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கலாம்லா?"

"கழட்டிகினு உக்கார எனக்கு எங்க நேரம்? கட்டிங் பிளேயரால வெட்டிட்டேன். குப்பை வண்டியும் வந்துட்டுப் போச்சு. புதுசு நல்லது வாங்கி மாட்டிகீறேன், பாரு."

கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். வெளியே பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், மேரி பாட்டைத் தொடங்கக் கவுண்ட் கொடுத்துவிட்டாள். ஏறி வாசித்தேன். பதினோரு வருஷமாக வழுக்கிப் பழகிய விரல் மரையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நகர்விலும் கீச்சிட்டது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் நீ மைக்கில் என் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாய்: "நம்ம பேஸ் அக்காவுக்கு இன்னைக்குத்தான் தொண்டை தொறந்துகீது. கை தட்டுங்க." முந்நூறு பேர் கை தட்டினார்கள். சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். மறுநாளிலிருந்து உன் போனை எடுக்கவில்லை. ஒரு சபதம் எடுத்தேன். நீ மாட்டிய கம்பியை நான் கழற்ற மாட்டேன். உன்னை ஒரு நாள் மேடையில் தனியாக, அவமானப்பட்டு நிற்க வைத்த பிறகுதான் கழற்றுவேன். அதுவரை அந்தக் கம்பி என் விரலை அறுக்கட்டும், உன்னை மறக்காமல் இருக்க அது உதவும். இப்படியெல்லாம் யோசிக்க எனக்கு வரும் என்று அதற்குமுன் எனக்கே தெரியாது.

ஆறு மாதம் காத்திருந்தேன். ஆடியில் மாங்காட்டில் ஒரு தெருவிழா, உன்னைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். மேரியையும் கற்பகத்தையும் டீக்கடையில் உட்கார வைத்துப் பேசினேன். புதுக் குழு தொடங்குகிறேன், உங்கள் இருவருக்கும் இடம் உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். அவளை விட்டு வரும் நாள் மாங்காடு நிகழ்ச்சி நாளாக இருக்க வேண்டும். காலையில்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். மதியம் வேறு ஆளைத் தேட நேரம் இருக்கக் கூடாது.

"பாவம்கா" என்றாள் கற்பகம்.

"என் கம்பி பாவமில்லையா?" என்றேன். அவர்களுக்கும் உன்மேல் ஆளுக்கொரு புண் இருந்தது. ஒத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மாங்காட்டுக்குப் போனேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போனேன். கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நீ ஒரு லேப்டாப்போடு தனியாக மேடை ஏறினாய். இசையை அதில் ஓட விட்டுப் பாடினாய். இரண்டாவது பாட்டில் லேப்டாப் நின்றது. அதை நான் செய்யவில்லை. ஆனால் நின்றதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கூட்டத்தில் விசில் அடித்தார்கள். விழாக்காரர் ஒருவர் மேடை ஓரத்தில் வந்து கையை ஆட்டினார். நீ பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தாய். வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது நீ நிமிர்ந்தாய். கூட்டத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். லேப்டாப்பை மூடிக் கீழே வைத்தாய்.

"வாத்தியக்காரங்கல்லாம் இன்னைக்கு லீவு" என்றாய் மைக்கில். "பரவால்ல. உங்க கைதான் எனக்குத் தாளம். தட்டுங்க."

அம்மன் பாட்டு ஒன்றை எடுத்தாய். முன்வரிசையில் பெண்கள் தட்ட ஆரம்பித்தார்கள். அது பின்னால் பரவி ஜூஸ் வண்டிக்காரர் வரைக்கும் வந்தது. அரை மணி நேரம் வெறும் குரலில் பாடினாய். ஒரு இடத்தில்கூட சுருதி இறங்கவில்லை. இரண்டு பேருக்குச் சாமி வந்தது. நீ நன்றாகப் பாடினாய் என்று சொல்ல எனக்கு இப்போதும் கசக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நீ அன்று பாடியது போல அதற்குமுன் பாடியதில்லை. பேஸ் இல்லாமல்.

மறுநாள் காலை உன் போன் வந்தது. எடுத்தேன்.

"ஜூஸ் வண்டிகிட்ட நின்னுகினு இருந்தியே, கை தட்டுனியா?"

"இல்ல."

"தட்டியிருக்கலாம். நல்லா பாடுனேன்ல?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அதன்பிறகு நாம் பேசவில்லை, நான் சொன்ன புதுக் குழுவும் கூடவில்லை. மேரியும் கற்பகமும் அன்றைக்கு ஏன் வரவில்லை என்பதன் பின்னால் நான் இருப்பது உனக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பங்குனியில் ஒரு காலை பார்லரைத் திறந்து ஷட்டரைத் தூக்கும்போது விழுந்தாய். மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தாறு வயது. உன் வீட்டுத் தெருவில் வந்து நின்றேன். உள்ளே வரவில்லை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ தோற்காமலே போய்விட்டாய். நான் யாரை ஜெயிப்பது? என் கிட்டாரில் நீ மாட்டிய கம்பி துருவேறிக் கிடந்தது, அதைக் கழற்றுவதற்கான நாள் இனி வரப்போவதில்லை.

போன மாசிக் கடைசியில் உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்தார்.

"நினைவு நாளுக்கு அவ பாட்ட வெச்சு ஒரு புரோகிராம் பண்ணலாம்னு கீறேன்மா. போன்ல அவ குரல் மட்டும் பாடி வெச்சது ஏழெட்டு பாட்டு கீது. மேரி வருது, கற்பகம் வருது. நீ வராம எப்பிடி?"

"அவளுக்கு நான் வர்றது பிடிக்காதே அண்ணே" என்றேன்.

"பிடிக்காதுதான்" என்றார் அவர். "கடைசி வரைக்கும் உன்ன திட்டிகினுதான் இருந்தா. அதுக்காவ கூப்புடாம இருக்க முடியுமா?"

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று அவர் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். வருகிறேன், ஆனால் பேஸ் சத்தத்தின் அளவை நான்தான் வைப்பேன், யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். உன் இஷ்டம்மா என்றார்.

சபதத்துக்கு அந்த நினைவு நாள் மேடை போதும் என்று அன்று மாலையே துருக் கம்பிகளைக் கழற்றினேன். வெட்டவில்லை. ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றினேன். மறுநாள் அதே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு இப்போது தலை முழுக்க நரை. மூன்று வகை ஃப்ளாட்வவுண்டை மேசைமேல் வைத்தார். ஒன்று கறுப்பு நைலான் நாடா சுற்றியது. தலையணையைத் தட்டுவதுபோல் மெத்தென்று இருந்தது. இரண்டாவது நிக்கல், கைக்கு இதமானது. நாம் அன்று வாங்கிய அதே வகை. மூன்றாவது ஸ்டீல். இழுத்துக் கட்டினால் கம்பி அசையவே அசையாது என்றார்.

"உங்களுக்குப் பழசுதான் செட் ஆகும்மா. ஸ்டீல்ல விரல் வலிக்கும். கிட்டார் கழுத்தும் வளைஞ்சுடும், சரி பண்ணணும்."

"அதக் குடுங்க" என்று ஸ்டீலைக் காட்டினேன். அன்று உனக்கு வழிவிட்டு வாசிக்கக் கம்பி வாங்கினோம். இந்த முறை நான் உனக்கு வழிவிடப் போவதில்லை. கம்பெனியில் மதிய இடைவேளையில் நான்கையும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். சொன்ன கனம் சரியாக இருந்தது. வீட்டில் மாட்டிக் கழுத்தைச் சரிசெய்தேன். புதுக் கம்பியின் பளபளப்பு சத்தத்தில் தெரிந்ததால், பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கம்பிக்கு அடியில், கீழ்ப்பக்கம் செருகினேன். தும். அவ்வளவுதான். நீ வெறுத்த சத்தம் நூற்றுக்கு நூறாக வந்தது.

நினைவு நாள் ஞாயிறு காலை. என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து, நீ கட்டிங் பிளேயரால் என் கம்பிகளை வெட்டியதைச் சொன்னேன். மேடையில் என்னைக் காட்டிச் சிரிக்க வைத்ததைச் சொன்னேன். "நல்லா பாடுவா. ஆனா யாரையும் நோகடிக்காதவ இல்ல. என்னை நோகடிச்சா" என்றேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த அந்த அமைதி.

பின்னாலிருந்து மேரியின் குரல் வந்தது. மைக் இல்லாமல் தெளிவாகக் கேட்டது.

"மாங்காட்டையும் சொல்லிடுங்கக்கா."

திரும்பிப் பார்த்தேன். கையில் குச்சிகளோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பகம் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. முன்வரிசையில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தபடியே சொன்னேன். டீக்கடை, நிபந்தனை, காலையில் சொல்லச் சொன்னது, ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது, எல்லாம்.

"அது நீயா?" என்றார் உன் அம்மா. "அன்னைக்கு வந்து எம்மா நேரம் அழுதுச்சு தெரியுமா எம்பொண்ணு?"

"நான்தாம்மா" என்றேன்.

நீ அழுதாய். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் மாங்காட்டுக்கு வந்திருந்தேன். பார்க்காமல் போய்விட்டேன், நீ மேடையில் காட்டவில்லை. இவ்வளவு காலம் கழித்து அது என் கைக்கு வந்து சேர்ந்தபோது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "சரி, ரெண்டு பேரும் சரிசமம். வாசிங்க" என்றார். வாசித்தோம்.

போனிலிருந்து உன் குரல் வந்தது. என் சத்தத்தை நான் ஆசைப்பட்ட அளவுக்கு ஏற்றி வைத்திருந்தேன். அது தரையில் இறங்கிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏறியது. அதன்மேல் உன் குரல் நின்றது. மெலிந்த போன் குரல், அடியில் தாங்கியதும் பெரிதாகி மண்டபத்தை நிறைத்தது. கேட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்கும், நான் சொன்னது சரி, நீ சொன்னது தப்பு என்று. நிரூபித்துவிட்டேன். ஒப்புக்கொள்ள வேண்டியவள் மட்டும் வரவில்லை. அதற்காகவும் உன்மேல் கோபம்தான்.

இப்போது மூவரும் சேர்ந்துதான் வாசிக்கிறோம். ஆவடியிலிருந்து ஒரு பெண் பாட வருகிறாள், ஐ.டி. கம்பெனியில் வேலை, குரல் நல்ல குரல், தாளத்தில் கறார். போன ஞாயிறு ஒத்திகையில் நீ அடிக்கடி பாடும் பாட்டு ஒன்றை எடுத்தோம். இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் மேரி நிறுத்தினாள்.

"அக்கா, அங்க லேட்டா வர்றீங்க."

மறுபடியும் வாசித்தோம். மறுபடியும் லேட். மூன்றாம் முறை வாசிக்கும்போது எனக்கே புரிந்தது. சரணம் முடிந்ததும் நீ மூச்சை இழுத்துக்கொண்டு, எங்களையெல்லாம் ஒரு கணம் நிற்க வைத்துவிட்டுத்தான் பல்லவியை எடுப்பாய். பதினைந்து வருஷம் உன்னைப் பார்க்காமலே அந்த மூச்சுக்காக நின்றிருக்கிறேன். நினைவு நாளில் இது யாருக்கும் தெரியவில்லை. அன்று பாடியது நீ. இந்தப் பெண் சரியான இடத்தில் பாடுகிறாள். என் விரல் கம்பிமேல் நின்று, வராத ஒரு மூச்சுக்காகக் காத்திருக்கிறது.

திருத்திக்கொள்ளப் பார்க்கிறேன். உன் நல்ல குணம் எதையும் நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, இந்தக் கெட்ட பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. வரும் ஞாயிறு திருமழிசையில் ஒரு வரவேற்பு இருக்கிறது.

"நான் வேணும்னா கொஞ்சம் நிறுத்திப் பாடட்டுமா ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். "நீ உன் இடத்துல பாடு."